'அப்பவே சொல்லிட்டாங்க' படங்கள்: கணிப்பா, வீட்டுப்பாடமா?

பழையரீல்:
வருங்காலத்தை முன்கூட்டியே காட்டின படம்னு ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா, என் ஓட்டு 'தி சைனா சிண்ட்ரோம்'. அமெரிக்காவில் 1979 மார்ச் 16 வெளியீடு. அணு உலையில் ஒரு கருவி தப்பான அளவு காட்டும். உள்ளே தண்ணீர் அதிகம்னு நம்பி ஆட்கள் அதைக் குறைப்பாங்க. உண்மையில் தண்ணீர் வற்றிக்கிட்டு இருக்கும். பன்னிரண்டே நாளில், மார்ச் 28 அதிகாலை, பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலேண்டில் இரண்டாம் உலையின் மையம் பாதி உருகிடுச்சு. படத்துல ஒருத்தர் 'பென்சில்வேனியா அளவு நிலப்பரப்பு வாழ லாயக்கில்லாமல் போகும்'னு வேற சொல்றார். மாநிலத்தோட பேர் வரைக்கும் பொருந்துது. இதுக்கு மேல என்ன வேணும்?

வால்வுக்காரன்:
அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1960களின் நடுவில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்காகத் தயாரான விபத்து மதிப்பீட்டிலேயே 'பென்சில்வேனியா மாநிலத்தின் அளவு' என்ற ஒப்பீடு இருக்கிறது. அது பொதுவெளிக்கு வந்தது 1973ல். படத்தின் ஆலோசகர்கள், அணு உலை தயாரித்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிலிருந்து 1976ல் விலகிய மூன்று பொறியாளர்கள். படத்தின் நடிகர் ஜாக் லெமன் விரலால் தட்டியதும் சிக்கிய முள் கீழே விழுகிறதே, அதற்கும் மூலம் உண்டு: 1970ல் இல்லினாய் மாநிலத்து டிரெஸ்டன் இரண்டாம் உலையில் நீர்மட்டத்தைத் தாளில் வரையும் கருவியின் பேனா சிக்கியது. விபத்து அறிக்கை படித்தவர்கள் எழுதிய கதை இது. ஜோசியம் இல்லை.

பழையரீல்:
டிரெஸ்டனில் பேனா சிக்கினது குறைவான அளவுல. அதனால அங்கே தண்ணீரைக் கூட்டினாங்க. படம் அதைத் தலைகீழாக்கி, 'அதிகம்னு காட்டுது, குறை'ன்னு மாத்துது. த்ரீ மைல் ஐலேண்டில் நடந்தது அந்தத் தலைகீழ்தானே? அறிக்கையில் இல்லாத பாதி சரியா விழுந்திருக்கு. அதுக்குப் பேர் கணிப்பு இல்லையா?

வால்வுக்காரன்:
அந்தப் பாதியும் ஏற்கெனவே நடந்ததுதான். 1977 செப்டம்பர் 24, ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் உலை. அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடி சிக்கியது. நீராவி அங்கே வெளியேற, பிரஷரைசரில் (உலை நீரின் அழுத்தத்தைக் காக்கும் தொட்டி) மட்டும் நீர்மட்டம் ஏறியது. அதைப் பார்த்து அவசர நீரை நிறுத்தினார்கள். அப்போது உலை ஓடியது 9 சதவீத சக்தியில். சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்துத் தடுப்பு வால்வை மூடியதால் தப்பித்தது. த்ரீ மைல் ஐலேண்ட் அதே கம்பெனி வடிவமைப்பு, ஆனால் ஓடியது 97 சதவீதத்தில். திறந்த வால்வு இரண்டு மணி நேரத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை.

ஏன் படவில்லை என்பதுதான் முக்கியம். கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென்று ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்தால் சோலினாய்டுக்கு (வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள்) மின்சாரம் நின்றுவிட்டது, அதாவது 'மூடு' என்ற கட்டளை போய்விட்டது என்று மட்டுமே பொருள். வால்வு உண்மையிலேயே மூடியதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. படத்தில் வருவது சிக்கிய முள். இங்கே விளக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தது, வடிவமைப்புதான் தப்பு. இந்த வித்தியாசத்தை 'பொருந்துது' பட்டியல் போடுபவர்கள் யாரும் சொல்வதில்லை.

கணக்குப்பிள்ளை:
எனக்கு வேறொரு குறை. பொருந்தினதை மட்டும் எண்ணுறீங்க. 'பேக் டு த ஃபியூச்சர் 2' (1989) படத்தில் 2015ல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி பட்டம் ஜெயிக்கும்னு வரும், ஜெயிச்சது 2016ல். ஓராண்டுதானே தப்புன்னு கொண்டாடினாங்க. அதே படத்தில் வீடு முழுக்க ஃபேக்ஸ் மெஷின், பறக்கும் கார். அதை எந்தக் கணக்கில் எழுதுறது?

'அன்பே சிவம்' (2003) சுனாமியைச் சொன்னதுன்னு வருஷா வருஷம் டிசம்பரில் ஒரு பதிவு சுத்தும். 1998ல் பாப்புவா நியூ கினியாவில் சுனாமி இரண்டாயிரம் பேருக்கு மேல் பலி வாங்கியிருக்கு. பேப்பர் படிக்கிற கதாசிரியர் அதை ஒரு வசனத்தில் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

நிலாப்பாதை:
நீங்க ரெண்டு பேரும் ஒரு வகையை விட்டுட்டீங்க: படம் காட்டியதாலேயே நடந்தது. ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'ஃபிராவ் இம் மோண்ட்' ('நிலாவில் பெண்', 1929). ராக்கெட் ஏவும்போது பத்திலிருந்து கீழே எண்ணுறது அதில்தான் பிரபலமாச்சு. மௌனப்படம்; பதற்றத்தைக் காதால் தர வழியில்லை, அதனால எழுத்து அட்டையில் எண்ணிக்கையை இறக்கினார். ஆலோசகர் ராக்கெட் விஞ்ஞானி ஹெர்மன் ஓபர்த். பல அடுக்கு ராக்கெட், செங்குத்தான ஏவுதல் எல்லாம் அவர் கைவண்ணம். 1942 அக்டோபர் 3ல் முதன்முறையா வெற்றிகரமாகப் பறந்த ஜெர்மனியின் வி-2 போர் ராக்கெட்டின் அடிப்பாகத்தில் இந்தப் படத்தின் சின்னம் வரைஞ்சிருந்தது. (நிலாவில் மூச்சு விடக் காற்று இருக்குன்னும் அதே படம் காட்டும். கணக்குப்பிள்ளை கேட்கும் முன்பே சொல்லிடறேன்.)

'மைனாரிட்டி ரிப்போர்ட்' (2002) கையசைவுத் திரையும் இதே கதைதான். வடிவமைத்தவர் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபிலிருந்து வந்த ஜான் அண்டர்காஃப்ளர். பிறகு அவரே கம்பெனி தொடங்கி அதை நிஜமாகச் செய்து விற்றார்.

வால்வுக்காரன்:
செய்தார், பரவவில்லையே. கையை அந்தரத்தில் தூக்கி வைத்து வேலை செய்தால் சில நிமிடத்தில் தோள்பட்டை கெஞ்ச ஆரம்பிக்கும். தொழிலில் இதற்குக் 'கொரில்லா கை' என்றே பெயர். படத்தில் ஷாட் வெட்டிவிடுவார்கள், அலுவலகத்தில் யார் வெட்டுவது? மேசையில் கிடக்கும் மவுஸுக்கு மணிக்கட்டை நகர்த்தினால் போதும்.

இனி யாராவது ஒரு படத்தைக் கொண்டுவந்தால் நான் கேட்பது நான்கு. வெளியீட்டுத் தேதி இருக்கட்டும், திரைக்கதை எப்போது முடிந்தது? ஆலோசகர் யார்? அதற்கு முந்தைய பத்து ஆண்டு காப்புரிமைகளிலும் விபத்து அறிக்கைகளிலும் அது இருக்கிறதா? அதே படத்தில் தவறாகப் போனவை எத்தனை?

பழையரீல்:
அப்போ 'கட்டாக்கா'. 1997. கருவிலேயே மரபணு பார்த்துப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிற உலகம். உங்க நாலு கேள்வியையும் போடுங்க.

வால்வுக்காரன்:
மூன்றாவதிலேயே விழுந்துவிட்டது. கருப்பைக்கு மாற்றும் முன் கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த முதல் குழந்தைகள் 1990லேயே பிறந்தாயிற்று.

பழையரீல்:
படத்தோட கதை பிள்ளை பெறுறது இல்லையே. மரபணுவைக் காட்டி வேலை மறுக்கிறது. அமெரிக்காவில் அதுக்குத் தடைச் சட்டம் வந்தது 2008ல்.

கணக்குப்பிள்ளை:
1970களிலேயே அரிவாள் செல் மரபுக்கூறு (ஒரு ரத்த நோய்க்கான மரபணு) இருக்குன்னு கறுப்பினத்தவரை அங்கே வேலையிலிருந்து ஒதுக்கியிருக்காங்க. அடுத்த படம்?