பெடல் சென்சர் கனெக்டருக்கு ஆக்கவுரிமை கேட்டேன், புதுமை இருக்கிறது ஆனால் "வெளிப்படையானது" என்று வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது?

கொக்குவில்_கராஜ்:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன், பதினொரு வருடமாக வாகன வயரிங் வேலைதான். போன ஆடியில் ஒரு பேட்டன்ட் (ஆக்கவுரிமை) விண்ணப்பம் போட்டேன். இப்போது பரிசோதகரின் அறிக்கை வந்திருக்கிறது, நாலு நாளாகத் திருப்பித் திருப்பி வாசிக்கிறேன், பாதிதான் விளங்குகிறது. விண்ணப்பத்தை எழுதித் தந்தவர் இப்போது போன் எடுப்பதில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் வாகனங்களில் அக்சிலேட்டருக்குக் கேபிள் இல்லை, பெடலில் ஒரு சென்சர் இருக்கும், அதிலிருந்து பெரும்பாலும் ஆறு வயர் கணினிக்குப் போகும். உள்ளே இரண்டு சென்சர் இருப்பதால்தான் ஆறு: ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட், எர்த், சிக்னல். இரண்டு சிக்னலும் ஒத்துப்போகாவிட்டால் கணினி பெடலை நம்பாது, எஞ்சினை இறுக்கிப் பிடித்துவிடும், ஸ்கானரில் பி2138 என்று வரும்.

பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவான் வரைக்கும் தினம் ஓடுகிற வான்கள் இந்தக் கோளாறோடு என்னிடம் வருவது வழக்கம். எல்லோரும் பெடலையே மாற்றினார்கள், நாலைந்து மாதத்தில் திரும்ப அதே கோட். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் பச்சையும் இல்லை, ஈரமும் இல்லை, சீல் நல்லாக இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பின்னிலும் எதிர்ப்பக்க நாக்கு தொடுகிற அதே இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. நகத்தால் சுரண்டினால் கரித்தூள் மாதிரி வருகிறது. கனெக்டரை லொக் விழுந்த நிலையில் பிடித்து ஆட்டினால் அரை மில்லிமீற்றர் ஆடுகிறது. வயர்க்கட்டு கீழே தொங்குகிறது, வீதி குலுக்கும்போதெல்லாம் அது கனெக்டரை இழுக்கிறது, பின்னும் நாக்கும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. வெள்ளீயப் பூச்சு தேய்ந்து ஒட்சைட் ஆகித் தூளாகிறது, தடை ஏறுகிறது, ஒரு சிக்னல் மட்டும் கொஞ்சம் விலகுகிறது. பெடலில் பிழையே இல்லை.

இதற்காக ஒரே வார்ப்பில் ஒரு துண்டு செய்தேன். ஒரு முனை கனெக்டருக்கு இரண்டாவது லொக். மறுமுனை கனெக்டரிலிருந்து 35 மில்லிமீற்றர் தள்ளி வயர்க்கட்டைக் கவ்வும் தாடை, அது பெடலின் போல்ட்டிலேயே இறுகும். குலுக்கல் வயர்க்கட்டோடு நின்றுவிடும், பின்னுக்கு வராது.

அறிக்கையில் எனக்கு முன்பே வெளியான ஆவணங்களைக் காட்டியிருக்கிறார்: முதலாம் ஆவணம் சென்சரும் கனெக்டரும் உள்ள பெடல், இரண்டாம் ஆவணம் இரண்டாவது லொக் உள்ள நீர்புகாக் கனெக்டர். என் 1ஆம் கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறேன் என்ற வாசகம்) புதியதுதான், ஆனால் இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்தவருக்கு வெளிப்படையானது, கண்டுபிடிப்புப் படி இல்லை. வயரைக் கவ்வுகிற கிளிப் பற்றி 4ஆம் கோரிக்கையில் இருந்தது, அதற்கு மூன்றாம் ஆவணம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்.

என் 1ஆம் கோரிக்கை: "வாகனப் பெடலின் தாங்கியில் பொருத்திய நிலைச் சென்சர், அதனுடன் இணையும் நீர்புகாக் கனெக்டர், அது விலகாமல் பிடிக்கும் இரண்டாவது லொக் ஆகியவற்றைக் கொண்ட கூட்டமைப்பு."

இரண்டு ஆவணத்தையும் இதுவரை ஒருவரும் சேர்க்கவில்லையே, பிறகு எப்படி வெளிப்படையானது ஆகும்?

வடமராட்சி_வயரிங்:

தம்பி, 35 மில்லிமீற்றர் என்ற அளவைக் கோரிக்கைக்குள் போட்டுவிடுங்கள். அந்த அளவு வேறு எவரிடமும் இருக்காது, அத்தோடு பிரச்சினை முடியும்.

மெக்கட்ரோ_கிளிநொச்சி:

அளவைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணை. புதுமை இருப்பதாகப் பரிசோதகரே ஒத்துக்கொண்டுவிட்டார், அவர் கேட்பது அடுத்த கேள்வி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் புதுமை, கண்டுபிடிப்புப் படி, கைத்தொழிலில் பயன்படும் தன்மை என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. 35க்குப் பதில் 30 வைத்தாலும் அதே வேலை நடக்கும் என்றால் 35இல் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பக்கத்துக் கராஜ்காரர் 36 வைத்து விற்றால் உங்களால் தடுக்கவும் முடியாது.

"ஒருவரும் சேர்க்கவில்லையே" என்ற வாதம் அக்சிலேட்டர் பெடலிலேயே தோற்றிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007 ஏப்ரல் 30இல் தீர்த்த கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கு. ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப முன்பின் நகர்த்தக்கூடிய பெடல், அதன் நகராத சுழலச்சில் மின்னணுச் சென்சர், அதுதான் வழக்கிலிருந்த எங்கல்காவ் பேட்டன்டின் 4ஆம் கோரிக்கை. நகராத சுழலச்சுள்ள பெடல் அசானோ பேட்டன்டில் முன்பே இருந்தது. பெடலில் வைக்கும் சென்சரும் இருந்தது. பெடலோடு சேர்ந்து அசைந்தால் வயர் உரசித் தேயும், ஆகவே சென்சரை அசையாத பாகத்தில் வை என்று ஸ்மித் பேட்டன்ட் சொல்லியிருந்தது. மாவட்ட நீதிமன்றம் வெளிப்படையானது என்றது. மேன்முறையீட்டில், இவற்றைச் சேர்க்கும்படி தூண்டும் போதனை எங்கே என்று இறுக்கமாகக் கேட்டு அதைப் புரட்டினார்கள். உச்ச நீதிமன்றம் ஏகமனதாக மேன்முறையீட்டுத் தீர்ப்பைத் தூக்கியது. துறை தெரிந்தவர் சாதாரண அளவு கற்பனையும் உள்ளவர், சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். அந்தத் தீர்ப்பு இங்கே எவரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் பரிசோதகர் யோசிக்கிற விதமும் அதுதான்.

கொக்குவில்_கராஜ்:

அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதானா? இதற்காக அச்சு வார்க்கவே பெரிய காசு போயிருக்கிறது.

ஸ்காபரோ_ஊரெழு:

தம்பி, அவசரப்பட்டு விடாதேயும். நான் ஊரெழு, இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன், இருபது வருடத்துக்கு மேல் இந்த விண்ணப்பங்களை எழுதுகிற வேலைதான் செய்தேன். தெரிந்த பாகங்களைச் சேர்த்தாலே தோல்வி என்று அந்த வழக்கு சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டு ஆடம்ஸ் பற்றரி வழக்கையும் அதே தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது. மக்னீசியமும் செப்புக் குளோரைட்டும் தெரிந்த பொருட்கள்தான், தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும் பற்றரியாக அவை சேர்ந்து தந்த பலனை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, அதனால் பேட்டன்ட் நின்றது. ஒவ்வொரு பாகமும் தன் பழைய வேலையை மட்டும் செய்தால் அது வெறும் சேர்க்கை. ஒன்று மற்றதை மாற்றினால் கதை வேறு.

நீர் எழுதிய கோரிக்கையில் சென்சர் சென்சர் வேலையைச் செய்கிறது, சீல் தண்ணீரைத் தடுக்கிறது, லொக் பிடிக்கிறது. பரிசோதகர் சொன்னது சரி. கறுப்புப் புள்ளி பற்றி இங்கே எழுதினீரே, அதில் ஒரு சொல்கூடக் கோரிக்கையில் இல்லை. தாடைக்கும் லொக்குக்கும் என்ன தொடர்பு? இரண்டும் ஏன் ஒரே துண்டு? விவரணத்தில் (பொருளை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுத்த எழுத்தில்) அதைப் பற்றி எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் அந்தப் பந்தியை அப்படியே இங்கே போடும்.

கொக்குவில்_கராஜ்:

இருக்கிறது அண்ணை. விவரணத்தின் கடைசிக்கு முதல் பந்தி, 3ஆம் படத்தோடு: "தாடை வயர்க்கட்டின் மேல் முழுமையாக மூடாத நிலையில் அதன் நாக்கு லொக்கின் பாதையில் நிற்பதால் லொக்கை உள்ளே தள்ள முடியாது. தாடை மூடியதும் நாக்கு விலகும்." கராஜில் பெடியன்கள் அவசரத்தில் கிளிப்பைப் போட மறந்துவிடுவார்கள், அதனால்தான் அப்படிச் செய்தேன். எழுதித் தந்தவர் இது சின்ன விஷயம், கோரிக்கைக்குள் வேண்டாம் என்றார்.

ஸ்காபரோ_ஊரெழு:

அந்தச் சின்ன விஷயம்தான் உம்முடைய கண்டுபிடிப்பு தம்பி!

மூன்று ஆவணத்தையும் ஒரு மேசையில் வைத்துச் சேர்த்துப் பாரும். பெடல் வரும், லொக் வரும், எங்கோ ஒரு கிளிப் வரும். வயர்க்கட்டைக் கவ்வாமல் கனெக்டரைப் பூட்டவே முடியாது என்ற நிலை வருமா? வராது. கிளிப் லொக்கைக் கட்டுப்படுத்துகிறது என்ற உறவு அவை எதிலும் இல்லை என்றால், சேர்த்தாலும் உம்முடைய பொருள் கிடைக்காது. பதிலில் நிற்க வேண்டிய இடம் இதுதான். "நான்தான் முதல்" என்றோ "பரிசோதகருக்கு வேலை தெரியாது" என்றோ ஒரு வரியும் வேண்டாம்.

ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகம் செய்கிற மாதிரி வரிசையாக எழுதும். மிக நெருங்கிய ஆவணம் முதலாவது. அதிலிருந்து வேறுபடுவது தாடையும் நாக்கும். அந்த வேறுபாடு தீர்க்கும் பிரச்சினை, பின்னில் நடக்கும் நுண்ணசைவு, அதைத் தடுக்கும் பிடியைப் பொருத்துபவர் மறந்துவிடாமல் இருப்பது. துறை தெரிந்தவர் இதைச் செய்திருக்க முடியுமா என்பது கேள்வி இல்லை, இந்த ஆவணங்களை வாசித்தபின் செய்திருப்பாரா என்பதுதான். இரண்டாம் ஆவணம் தண்ணீரைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறதென்றால் அந்தப் பந்தியின் எண்ணைக் காட்டும். நீரும் முதலில் பச்சையைத்தானே தேடினீர்? எல்லோரும் பெடலை மாற்றிக்கொண்டிருந்தபோது கோளாறின் இடத்தைக் கண்டதுக்கும் பெறுமதி இருக்கிறது. ஆனால் நுண்ணசைவுத் தேய்வு என்ற நிகழ்வே தெரியாதது என்று எழுதிவிடாதேயும், கனெக்டர் துறையில் அது பழைய சங்கதி.

ஒன்று மட்டும் முதலில் செய்யும். எஸ்பாஸ்நெற்றில் (பேட்டன்ட்களைத் தேடும் இணையத்தளம்) எச்01ஆர் 13/641 என்ற வகுப்பைத் தேடும், பிழையாக இணைத்தால் காட்டிக்கொடுக்கும் அல்லது தடுக்கும் கனெக்டர்கள் அங்கே இருக்கும். 13/639 லொக்குகள், 13/58 வயர் இழுவையைத் தாங்குபவை, பெடல் பக்கத்துக்கு ஜி05ஜி 1/38. உம்முடைய நாக்கு மாதிரி ஒன்று அங்கே இருந்தால் பரிசோதகருக்கு முதல் உமக்குத் தெரிய வேண்டும்.

கொக்குவில்_கராஜ்:

இரண்டு இரவாகத் தேடினேன். லொக் முழுதாக விழாவிட்டால் காட்டிக்கொடுப்பவை நிறைய இருக்கின்றன, அவை எல்லாம் கனெக்டர் முழுதாக உள்ளே போனதா என்றுதான் பார்க்கின்றன. வயர்க்கட்டைப் பிடித்ததா என்று பார்க்கிற ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மனது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு ஒரே வானில் மூன்று மாதம் துண்டு இல்லாமலும் மூன்று மாதம் துண்டு போட்டும் ஓடவிட்டு, பின்களின் தடையை அளந்து வைத்திருக்கிறேன். அதை விவரணத்தில் சேர்க்கலாமா?

ஸ்காபரோ_ஊரெழு:

விவரணத்தில் சேர்க்கக் கூடாது. முதலில் தாக்கல் செய்ததைத் தாண்டி ஒரு சொல்லும் உள்ளே போக முடியாது, அதனால்தான் அந்தப் பந்தியைத் தேடச் சொன்னேன், அது இல்லாவிட்டால் இன்று உமக்கு வழியே இல்லை. அளவுகளைப் பதில் கடிதத்தோடு ஆதாரமாக இணைக்கலாம். எந்த வான், எத்தனை கிலோமீற்றர், எந்த மீற்றரால் அளந்தீர், எல்லாம் இருக்கட்டும். இரண்டு முறையும் புதுப் பின் போட்டுத்தானே தொடங்கினீர்?

கொக்குவில்_கராஜ்:

ஓம் அண்ணை, இரண்டு முறையும் புதுப் பின், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தது.

மெக்கட்ரோ_கிளிநொச்சி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், விண்ணப்பிக்க முதல் இதை எங்கேயாவது காட்டினீர்களா? முகநூலில் போட்டாலும் கணக்குத்தான்.

கொக்குவில்_கராஜ்:

விண்ணப்பிக்க மூன்று மாதம் முதல் ஒரு கண்காட்சியில் மேசை போட்டுக் காட்டினேன். படமும் எடுத்தார்கள். அது பிழையா?

மெக்கட்ரோ_கிளிநொச்சி:

இங்கே தப்பித்தீர்கள். விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் விண்ணப்பதாரரே வெளியிட்டதை எங்கள் சட்டம் கணக்கில் எடுக்காது. அமெரிக்காவிலும் ஒரு வருடம் உண்டு. ஐரோப்பாவில் அப்படி இல்லை, சாதாரணக் கண்காட்சியில் காட்டியிருந்தால் அங்கே புதுமை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் காசு செலவழிக்க வேண்டாம். மற்ற நாடுகளில் கேட்கும் எண்ணம் இருந்தால் முதல் தாக்கலிலிருந்து 12 மாதம்தான் முன்னுரிமை (அதற்குள் போட்டால் முதல் தாக்கலின் தேதியே அங்கும் கணக்கு), போன ஆடி என்றால் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பீசிரி (பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போடும் சர்வதேச ஒப்பந்தம்) வழியாகப் போட்டால் பெரும்பாலான நாடுகளுக்கு 30 மாதம் வரைக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும், இலங்கை 1982இலிருந்து அதில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் அந்த ஒரு வருடத்தை முன்னுரிமைத் தேதியிலிருந்து எண்ணுவதா உண்மையான தாக்கலிலிருந்து எண்ணுவதா என்று உங்களுக்காக வேலை செய்பவரிடம் தெளிவாகக் கேளுங்கள், கண்காட்சித் தேதியையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வடமராட்சி_வயரிங்:

நான் அளவு என்று சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். துண்டு விற்பனைக்கு வந்தால் சொல்லுங்கள் தம்பி, பருத்தித்துறைப் பக்கத்திலும் இதே பி2138 வருகிறது, நானும் இரண்டு பெடல் வீணாக மாற்றியிருக்கிறேன்.

கொக்குவில்_கராஜ்:

கட்டாயம் சொல்கிறேன் அண்ணை. அதுவரைக்கும் வயர்க்கட்டைக் கனெக்டருக்குப் பக்கத்தில் அசையாத இடத்தோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள், இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விட்டு. அதுவே பாதிக் குறைக்கும்.

இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "வாகனப் பெடலின் தாங்கியில் பொருத்திய நிலைச் சென்சர், அதனுடன் இணையும் கனெக்டர், ஒரே வார்ப்பான பிடிப்புத் துண்டு ஆகியவற்றைக் கொண்ட கூட்டமைப்பு. இதில் பிடிப்புத் துண்டின் ஒரு முனை கனெக்டரின் இரண்டாவது லொக்காகவும், மறுமுனை தாங்கியில் இறுகி வயர்க்கட்டை உறுதியாகக் கவ்வும் தாடையாகவும் அமைந்துள்ளது. தாடை மூடாத நிலையில் அதன் நாக்கு லொக்கின் பாதையைத் தடுக்கிறது, தாடை மூடியதும் நாக்கு பாதையை விட்டு விலகுகிறது."

ஸ்காபரோ_ஊரெழு:

வடிவாக இருக்கிறது தம்பி. "உறுதியாக" என்ற சொல்லை எடுத்துவிடும், எவ்வளவு உறுதி என்று அடுத்த அறிக்கையில் கேட்பார்கள். நீர்புகா என்ற சொல்லை நீக்கியதும் சரிதான், சீல் இல்லாமல் ஒருவர் செய்தாலும் உமக்குள் அடங்கும், ஆனால் சீலைக் கட்டாயம் என்று விவரணத்தில் எங்காவது எழுதியிருக்கிறீரா என்று பார்த்துவிட்டு நீக்கும். அப்புறம் நீர் தனி மடலில் அனுப்பிய 3ஆம் படத்தில் நாக்குக்கு 27 என்று எண் போட்டிருக்கிறது, பந்தியில் 72 என்று இருக்கிறது. எழுத்துப்பிழைதான், பதில் கடிதத்திலேயே சொல்லித் திருத்தும். அறிக்கையில் பதிலுக்குக் கடைசித் திகதி என்ன என்று இன்னும் நீர் சொல்லவில்லை.

கொக்குவில்_கராஜ்:

இந்த மாதம் 28. நாளைக்கே 72ஐத் திருத்தி, சீல் பற்றிய வரிகளைப் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன் அண்ணை.