ஹட்டன் ஹாட்வெயார்களில் கவுண்டர் மறைகிறது: வேலையைத் தாமே செய்பவர்கள் எதை எங்கே வாங்குகிறீர்கள்?

கொட்டகலை டீச்சர்:

தோட்டத்து ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி வீடு எங்களுடையது. லயத்தை விட்டு வந்ததில் பெரிய நிம்மதி. ஆனால் சொந்த வீடு என்றால் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. மேசன் பாஸைக் கூப்பிட்டால் “ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்” என்பார். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லமாட்டார். அதனால் டிரில் மெஷின் ஒன்றை வாங்கி நானே தொடங்கிவிட்டேன்.

பழைய ஹாட்வெயாரில் எல்லாச் சாமானும் மரக் கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான். நான் போய் நின்றதும் முதல் கேள்வி, “ஐயா வரவில்லையா?” அடுத்தது, “பாஸ் என்ன சைஸ் எழுதித் தந்தார்?” விலை கேட்டால் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டமே சொல்கிறது. அந்தக் கடைச் சுவரில் சாமிப் படக் கலண்டர் மட்டும்தான் காட்சிக்கு இருக்கிறது.

இப்போது டவுனில் இரண்டு மாடிக் கடை ஒன்று வந்திருக்கிறது. கூடையை எடுத்துக்கொண்டு இறாக்கை இறாக்கையாக நானே தேடலாம். எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கிறது. நிற அட்டையில் ஒன்றைக் காட்டினால் பெயின்டை மெஷின் கலந்து தருகிறது. தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகத் திருகிப் பார்த்தேன், யாரும் முறைக்கவில்லை. எனக்கு இந்தக் கடை பிடித்திருக்கிறது.

கஷ்டம் என்னவென்றால், விவரம் கேட்க ஆளில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மரியாதையானவர்கள். பில் போடத் தெரியும், சாமானைப் பற்றித் தெரியாது. எனக்கு இப்போது மூன்று சிக்கல்கள். சீமெந்துக் கல் சுவரில் புத்தக இறாக்கை அடிக்கப் பார்த்தால், ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் வைக்கும் ரோல் பிளக் பிடிக்காமல் சுற்றுகிறது. தை மாத விடியற்காலையில், மழையே இல்லாத நாளிலும், கூரைத் தகட்டின் அடியிலிருந்து நீர் சொட்டுகிறது. ஒழுக்கை அடைக்கும் பசையில் அங்கே பல வகை உண்டு, எதை எடுப்பது? கடைசியாக, குளிப்பதற்கு ஷவர் ஹீட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பெட்டியில் “இலகுவாகப் பொருத்தலாம்” என்று போட்டிருக்கிறது. இப்படியான விஷயங்களுக்கு மறுபடியும் அந்தக் கவுண்டரில்தான் போய் நிற்க வேண்டுமா?

நோர்வூட் பழைய கவுண்டர்:

டீச்சர், ஹாட்வெயார் கவுண்டரிலேயே தலை நரைத்தவன் நான். “ஐயா வரவில்லையா” என்ற கேள்விக்கு நியாயம் சொல்ல வரவில்லை, அது கேட்கத் தகாத கேள்விதான். ஆனால் “எதற்கு?” என்று நாங்கள் கேட்ட கேள்வி வேறு. அதைக் கேட்காமல் சாமான் கொடுத்தால், மறுநாள் அதே சாமான் திரும்பி வரும்.

கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் சொட்டினால் அது ஒழுக்கே இல்லை. இரவில் தகடு குளிர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சமையல் ஆவியும் மூச்சுக் காற்றும் மேலே போய் அதில் பட்டு நீராகின்றன. இதற்கு எந்தப் பசை பூசினாலும் காசுக்குத்தான் கேடு. வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் விரிப்பை ஆவி தகட்டைத் தொடாதபடி அடியில் அடியுங்கள், சமையலறையில் புகை வெளியேற வழி விடுங்கள். மழை நாளிலும் சொட்டுகிறதா? அப்படியானால் ஏறி ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெயில் பட்டுப் பட்டு ரப்பர் வெடித்திருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அதைவிட ஒரு சைஸ் தடித்ததை அதே துளையில் போடுங்கள். காலையில் தகடு ஈரமாக இருக்கும்போது மட்டும் ஏறாதீர்கள்.

இனிச் சுவர். உங்கள் கல் உள்ளே பொந்து உள்ள கல்லாகத்தான் இருக்கும். மேலே உள்ள மெல்லிய ஓடு தாண்டியதும் பிளக்குக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமரை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள், இல்லாவிட்டால் ஓடு உட்பக்கம் பெயர்ந்துவிடும். சின்னப் படம் மாட்ட, உள்ளே போய்ச் சிறகு விரிக்கும் போல்ட் போதும். புத்தகம் பாரம். துளையைப் பெரிதாக்கி, மணலும் சீமெந்தும் குழைத்துப் பொந்தை நிரப்பி, சில நாள் நன்றாக இறுக விட்டு, அதன் பிறகு அதில் துளையிட்டுப் பிளக் போடுங்கள். அதற்கு முழு மூட்டை சீமெந்து தேவையில்லை. பழைய கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். 2022இல் மூட்டை 3000 ரூபாவைத் தாண்டியபோது எங்கள் கடையில் மூட்டையைவிடக் கிலோதான் அதிகம் போனது. ஒன்று, நம் ஊர் ஈரத்தில் பிரித்த மூட்டை சீக்கிரம் கட்டியாகிவிடும். விரலால் நசுக்கிப் பார்த்து, மாவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

7/0.67:

நான் வயரிங் வேலை செய்பவன். ஹீட்டர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுவரில் பொருத்துவது இலகுதான், பெட்டி பொய் சொல்லவில்லை. மின்சாரம் கொடுப்பது வேறு கதை. இந்த ஷவர் ஹீட்டர்களில் பல 3500 வோட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 15 அம்பியருக்கு மேல் வரும். நம் பிளக் 13 அம்பியர். அதில் குத்தினால் பிளக்கே உருகிவிடும், நான் கழற்றிய கருகிய பிளக்குகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. போர்டிலிருந்து தனி பிரேக்கர், 7/0.85 வயர் (0.85 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது), ஒழுங்கான ஏர்த் வேண்டும். வீட்டில், மின்சாரம் கசிந்தால் தானே விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விழாவிட்டால் ஹீட்டரை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

டீச்சர், இறாக்கையை நீங்களே அடியுங்கள், பெயின்டை நீங்களே பூசுங்கள். ஈரக் குளியலறையில் மின்சாரம் மட்டும் வேண்டாம். பழைய கடையில் என்றால் இந்த ஹீட்டரைக் கொடுக்குமுன் “வயர் எது?” என்று கேட்டிருப்பார்கள். இறாக்கை கேட்காது.

வெலிமடைக்காரன்:

இரண்டு பேரும் பழைய கடையை ரொம்பத்தான் கொண்டாடுகிறீர்கள். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு டைல் தேடி அலைந்தவன் நான். கவுண்டருக்குப் பின்னால் சரக்கு இருந்தும் “இல்லை” என்பார்கள், தெரிந்தவன் போனால் வெளியே வரும். இறாக்கையில் இருப்பதை யாரும் ஒளிக்க முடியாது. டீச்சர் சொல்வதுதான் சரி.

ஆனால் புதிய கடையில் கிடைக்காத ஒன்று உண்டு, கடன் கொப்பி. எங்கள் பக்கத்தில் பத்தாம் திகதி சம்பளம். இருபதாம் திகதி பைப் வெடித்தால் கார்ட் இல்லாத தோட்டத்து ஆள் எங்கே போவான்? தெரிந்த கவுண்டருக்குத்தான்.

நான் போகும் பண்டாரவளைக் கடை பழையதுதான், ஆனால் மாறிவிட்டது. உடைந்த சாமானைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் விலை வரும். “சரி” என்றால் வெலிமடை பஸ் கண்டக்டர் கையில் பார்சல் வந்து சேரும். கிரைண்டர் நாள் வாடகைக்கும் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தொடும் மெஷினை எதற்கு வாங்கி வைக்க வேண்டும்? சீமெந்துத் தரையை வெட்ட நான் வாடகைக்குத்தான் எடுத்தேன். தூசு மட்டும் என் சொந்தம், இன்னும் வீட்டில் இருக்கிறது.

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ட்ரிப் சுவிட்சை அழுத்திப் பார்த்தேன், விழுந்தது. ஹீட்டருக்கு வயரிங் ஆளைச் சொல்லியிருக்கிறேன், அவரும் ஞாயிற்றுக்கிழமை என்கிறார்.

வெலிமடை அண்ணா, கடன் கொப்பி பற்றி நான் யோசிக்கவில்லை. எனக்கு மாதச் சம்பளம் வங்கிக்கு வருகிறது, அதனால் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஆனாலும் கொப்பி வைத்திருப்பவர் என்னிடம் “ஐயா எங்கே” என்று கேட்காமல் இருக்கலாமே.

நோர்வூட் ஐயா, கூரையைக் கழற்றாமல் அந்த ஃபோம் விரிப்பை அடிக்க முடியுமா?

நோர்வூட் பழைய கவுண்டர்:

முடியும். தகடு போடும்போதே கீழே விரிப்பதுதான் நல்லது. இப்போதைக்கு உட்பக்கமாக மரச் சட்டங்களின் அடியில் வைத்து, மெல்லிய பலகைக் கீற்றால் அழுத்தி ஆணி அடியுங்கள். இரண்டு விரிப்பு சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், அதன்மேல் வெள்ளி டேப் ஒட்டுங்கள். இடைவெளி விட்டால் ஆவி அந்த வழியே ஏறித் தகட்டுக்குப் போய்விடும். புதிய கடையில் முழு ரோல்தான் விற்பார்கள். கூரையின் உட்பக்கத்தை அளந்து எழுதிக்கொண்டு பழைய கடைக்குப் போங்கள், மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். டேப்பை மட்டும் புதிய கடையில் வாங்குங்கள், அங்கே விலை குறைவு.