ஒரு பிரிண்டர், நாலு கம்ப்யூட்டர்: உங்கள் வீட்டில் எப்படி ஓடுகிறது?

எங்கள் வீட்டில் இருப்பது வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர். எனக்கும் மனைவிக்கும் ஆபீஸ் லேப்டாப், மகளுக்கு ஒன்று, ஹாலில் ஒரு பழைய டெஸ்க்டாப். நாலுக்கும் இது ஒன்றுதான். நன்றாகத்தான் ஓடும். கரண்ட் ஒருமுறை போய் வந்தால் போதும், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ‘ஆஃப்லைன்’. பிரிண்டரின் வைஃபை விளக்கோ ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருக்கும்.

கடைக்குச் சொன்னால் ஒரு தம்பி வருவார். டிரைவரை அழிப்பார், மறுபடி போடுவார், டெஸ்ட் பேஜ் எடுத்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மின்வெட்டு வரை ஓடும்.

டிரைவரில் கோளாறே கிடையாது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரியை, தற்காலிகமாகத்தான் தருகிறது. கரண்ட் வந்ததும் போன்கள் முந்திக்கொண்டு சேர்ந்துவிடும், பிரிண்டர் மெதுவாக எழுந்து வரும். நேற்று 192.168.1.5 ஆக இருந்தது இன்று 192.168.1.9 ஆகியிருக்கும். லேப்டாப், குடிமாறிப் போனவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவது போலப் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டிரைவரை மறுபடி போடும்போது விண்டோஸ் புதிதாகத் தேடுகிறது, புது எண் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். எங்கள் டெஸ்க்டாப்பில் பிரிண்டர் பட்டியலைத் திறந்தால் ஒரே பிரிண்டர் ‘காப்பி 1’, ‘காப்பி 2’ என்று வால் முளைத்து வரிசையாக நின்றது.

தீர்வு ரவுட்டரில் இருக்கிறது. பிரிண்டரில் நெட்வொர்க் அறிக்கைத் தாள் ஒன்று எடுக்கலாம். எந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அந்தத் தாளில் ‘மேக் அட்ரஸ்’ என்று, அந்தக் கருவிக்கே உரிய அடையாளமாக, இரண்டிரண்டாகப் பிரித்த 12 இலக்கம் இருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், ஐபி எண்களைப் பகிர்ந்து தரும் டிஹெச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் அதைப் போட்டு 192.168.1.50 என்று ஒதுக்கிவிட்டோம். அப்புறம் ஒவ்வொரு லேப்டாப்பிலும் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் என்று போய், விண்டோஸ் தானாகப் போட்டிருந்த டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டுவிட்டு ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’ சேர்த்து அதே எண்ணைக் கொடுத்தோம். அதன்பிறகு அந்தத் தம்பிக்கு எங்கள் வீட்டில் வேலை இல்லை.

பிரிண்டரிலேயே எண்ணை நிலையாக வைத்துவிடலாம் என்பார்கள். வைக்கலாம்தான். ரவுட்டரை மாற்றும் நாளில், புது ரவுட்டரின் எண்வரிசை வேறாக இருந்தால், பிரிண்டர் கண்ணிலேயே படாது. ரவுட்டரில் ஒதுக்குவதே மேல்.

* * *

சார், உங்களுடையதாவது வைஃபை பிரிண்டர். எங்களுடையது யூஎஸ்பி மட்டும் உள்ள பழைய லேசர். என் தம்பியின் டெஸ்க்டாப்பில் செருகி, விண்டோஸில் ஷேர் செய்து வைத்திருந்தோம். முன்பு ‘ஹோம்குரூப்’ என்று ஒன்று இருந்தது, பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டால் எல்லாம் தெரியும். விண்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2021இல் விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரில் அடுத்தடுத்துப் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன, ஷேரிங்கை இறுக்கினார்கள். அந்தச் செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு என் லேப்டாப்பில் ‘11பி’ என்று முடியும் எரர் எண் வர ஆரம்பித்தது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு, சரியாகிவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். ஆகும். ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டையே கழற்றுவதுதான் அது. இரண்டு கம்ப்யூட்டரையும் முழுதாக அப்டேட் செய்தபின் எங்களுக்குத் தானாகவே சரியானது.

பூட்டைவிடப் பெரிய தொல்லை, தம்பி டெஸ்க்டாப்பை அணைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் வீட்டில் யாருக்கும் அச்சு இல்லை. வருமானச் சான்றிதழ் ஒரு பக்கம் எடுக்க அவன் வரும்வரை காத்திருப்போம், இல்லையென்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடைதான்.

* * *

அக்கா, இதற்குத்தான் ராஸ்பெர்ரி பை. சின்ன கம்ப்யூட்டர் போர்டு, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம், கரண்ட் பில்லில் தெரியாது. அதில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் ‘கப்ஸ்’ மென்பொருளைப் போட்டால் யூஎஸ்பி பிரிண்டரும் நெட்வொர்க் பிரிண்டர்தான். ஆப்பிளின் மேக் கணினிகள் 2002இலிருந்து அச்சிடுவது இதன் வழியாகத்தான். ஐபோன்கூட எந்த ஆப்பும் இல்லாமல் ‘ஏர்பிரிண்ட்’ என்ற தன் அச்சு வசதியில் அதைப் பார்த்துவிடும்.

ஆனால் உங்கள் பிரிண்டர் மாடலுக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் முன்பே ராஸ்பெர்ரி பையை வாங்கிவிடாதீர்கள். பழைய மலிவு லேசர்கள் பலவற்றுக்குக் கம்பெனி கொடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், பையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பில் ஏறாது. சில மாடல்களுக்கு இன்னொரு குணம் உண்டு: பிரிண்டரை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் உள்ளே நிரந்தரமாக இருக்காது, ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். என்னுடையது அந்த ரகம். கப்ஸ் ‘முடிந்தது’ என்று சொல்லும், பிரிண்டர் ஒரு தாளைக்கூட இழுக்காது. ‘ஃபூ2இசட்ஜேஎஸ்’ என்ற இலவச டிரைவரைப் போட்டபின் பிரிண்டரை ஆன் செய்ததுமே ஃபர்ம்வேர் ஏறி, உள்ளே உருளை ‘கர்ர்’ என்று ஒருமுறை சுழலும். அந்தச் சத்தம் கேட்டால் தயார்.

* * *

ஓய்வு பெற்றபின் இதையெல்லாம் கற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் ஃபைபர்காரர் வைத்த பெட்டியிலும் வைஃபை உண்டு. மாடிக்கு எட்டவில்லை என்று மகன் இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டினான். கீழே பிரிண்டர், மேலே என் லேப்டாப். இண்டர்நெட் ஓடுகிறது, பிரிண்டரை மட்டும் தேடினால் இல்லை. முதலில் எழுதிய தம்பி சொன்னபடி எண்களைப் பார்த்தேன். பிரிண்டருக்கு 192.168.1 என்று தொடங்குகிறது, என்னுடையதற்கு 192.168.0. ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க். மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிட்டது. அந்த வசதி இல்லாத ரவுட்டரானால், அதில் டிஹெச்சிபியை நிறுத்தி, அதன் எண்ணை முதல் பெட்டியோடு மோதாமல் மாற்றி, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை ‘வான்’ துளையில் இல்லாமல் ‘லான்’ துளையில் செருக வேண்டுமாம்.

* * *

என் பங்குக்கு இரண்டு. வீட்டுப் பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் பிரிண்டரின் பட்டியலில் வராது. இன்னொன்று, விருந்தினருக்காக வைத்த ‘கெஸ்ட்’ வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் கருவிகள் வீட்டிலுள்ள மற்றவற்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்து வைக்கும்.

* * *

எல்லோரும் அச்சைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஸ்கேனரை யாரும் சொல்லவில்லையே. விண்டோஸில் ஷேர் செய்தால் அச்சு மட்டும்தான் மற்ற கம்ப்யூட்டருக்குப் போகும், ஸ்கேன் போகாது. எங்கள் வீட்டில் ஆதார் அட்டையை ஸ்கேன் செய்ய இன்னமும் எழுந்து போய் யூஎஸ்பி செருகிய டெஸ்க்டாப்பில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர் ஸ்கேனுக்கும் வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.

* * *

இருக்கிறது. ‘சேன்’ என்ற லினக்ஸ் ஸ்கேனர் மென்பொருளைத் தேடிப் பாருங்கள். முதலில் உங்கள் மாடல் அதன் பட்டியலில் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மீதியை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.