பூஸ்டில் முள் ஏற வேண்டுமா, 40-லேயே நிற்க வேண்டுமா?

இரட்டை_ரோட்டார்:
சிவப்பு_எஃப்டி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை, அதனால் தனியாகவே எழுதுகிறேன். அவரிடம் இருப்பது மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் கார், எஃப்டி தலைமுறை ஆர்எக்ஸ்-7. பெட்ரோல் லைனின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டியிருக்கிறார், எண்கள் எல்லாம் பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவில். அவர் சொன்னது இதுதான்: "என் எஃப்டி ஆர்எக்ஸ்-7-இல் ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டிவிட்டேன். ஐடிலிலும் 40, முழு பூஸ்டிலும் 40. முள் அசையவே இல்லை. சிஸ்டம் கச்சிதமாக இருக்கிறது." அதற்குக் கீழே நான்கு பேர் பாராட்டு வேறு.

கச்சிதமா? டர்போ காற்றைத் திணிக்கும்போது, அதாவது பூஸ்டில், முள் 40-லேயே நின்றால் அந்த இன்ஜின் பட்டினி கிடக்கிறது என்று பொருள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தலையில், இன்டேக்கிலிருந்து வரும் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் இருக்கிறதே, அது எதற்கு? இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் வழி) 10 பிஎஸ்ஐ பூஸ்ட் வந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலிலும் 10 ஏற வேண்டும், 40 என்பது 50 ஆக வேண்டும். ஏறாவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மூக்கில் 10 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும், பெட்ரோலைத் தள்ளுவதற்கு மிச்சம் இருப்பது 30 மட்டும். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே கிட்டத்தட்ட 13 சதவீதம் பெட்ரோல் குறையும். 14 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் 19 சதவீதம். இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவுக்கு இது எதுவும் தெரியாது, அது வழக்கமான நேரத்துக்கு இன்ஜெக்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பிஸ்டன் இன்ஜின் ஓரிரு தட்டல்களைத் தாங்கலாம். நம் ரோட்டரி இன்ஜினான 13பி தாங்காது. ஒரு முறை டெட்டோனேஷன் (கலவை தானாக வெடிப்பது), அப்புறம் ரோட்டார் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல் துண்டு டர்போ வழியாக வெளியே போகும்.

சிவப்பு_எஃப்டி:
என் பெயரைப் போட்டே ஆரம்பித்துவிட்டீர்களா, நல்லது. ரெகுலேட்டரின் வேலை என்ன என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். அழுத்தத்தை மாறாமல் வைப்பதுதான் அதன் வேலை. பெயரிலேயே இருக்கிறது. என் கேஜில் மாறாமல் இருக்கிறது. 40. இதில் என்ன தப்பு கண்டீர்கள்?

போன வருடம் என் டர்போவின் ஆயில் லைனைப் பார்த்தும் இப்படித்தான் "ஒரு மாதம் தாங்காது" என்றீர்கள். இன்று வரை ஒரு சொட்டு கசியவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள்.

வைட்பேண்ட்_வாசகன்:
இந்தச் சண்டையே தேவையில்லை. எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டுங்கள், பூஸ்டில் 11-ஐ ஒட்டி ஏர்-ஃபியூயல் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் வேலை முடிந்தது. ஃபியூயல் பிரஷர் கேஜ் என்பது டாஷ்போர்டில் இன்னொரு விளக்கு, அவ்வளவுதான்.

இரட்டை_ரோட்டார்:
வைட்பேண்ட் சொல்வது எரிந்து முடிந்த கதையை. எக்ஸாஸ்டுக்கு வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். அதுவும் இரண்டு ரோட்டாரின் புகையையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்லும். முன் ரோட்டார் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்து பின் ரோட்டார் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்தால் உங்கள் 11 அழகாகத்தான் தெரியும். பம்ப் தளர ஆரம்பித்ததையும் ஃபில்டர் அடைத்ததையும் முதலில் சொல்வது பிரஷர் கேஜ்தான். மூன்றாவது கியரில் பூஸ்ட் 10-ல் நிற்கும்போது 50-க்குப் போன முள் மெல்ல 48, 46 என்று இறங்குவதை நான் கண்ணால் பார்த்து ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கிறேன். அன்றைக்கு வைட்பேண்ட் இன்னும் 11.3 காட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்தால் காப்பிப் பொடி மாதிரி துரு கொட்டியது.

சிவப்பு_எஃப்டிக்கு: மாறாமல் இருக்க வேண்டியது எது என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

சிவப்பு_எஃப்டி:
40. அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய_எஃப்சி:
தம்பிகளா, நீங்கள் இரண்டு பேரும் "அழுத்தம்" என்று இரண்டு வெவ்வேறு விஷயத்தைச் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒருவர் ரெயிலில் இருப்பதைச் சொல்கிறார், இன்னொருவர் ரெயிலுக்கும் இன்டேக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறார். வித்தியாசம் மாறக் கூடாது, ரெயில் மாற வேண்டும். இரண்டையும் பிரித்துப் பேசினால்...

இரட்டை_ரோட்டார்:
அண்ணா, பிரித்துப் பேச ஒன்றுமில்லை. அவர் கேஜ் எங்கே இருக்கிறது? ரெயிலில். ரெயிலில் உள்ள கேஜில் பூஸ்டின்போது முள் ஏற வேண்டும். ஏறவில்லை.

சிவப்பு_எஃப்டி:
பழைய_எஃப்சி அண்ணா சொன்னதைப் பாருங்கள், "மாறக் கூடாது" என்று அவரே சொல்லிவிட்டார்.

பழைய_எஃப்சி:
நான் அப்படிச் சொல்லவில்லை.

மரை_பார்ப்பவன்:
ஒரு கேள்வி. கேஜை எதில் மாட்டினீர்கள்? நீங்கள் போட்ட ஃபோட்டோவில் உள்ள ஃபிட்டிங்கில் பிடி 1/8 என்று பொறித்திருக்கிறது. கேஜின் மரை என்பிடி 1/8 மாதிரி தெரிகிறது. இரண்டும் குழாய் மரை வகைதான், ஆனால் ஒன்றல்ல. என்பிடியில் ஒரு அங்குலத்துக்கு 27 மரை, கோணம் 60 டிகிரி. பிடியில் 28 மரை, 55 டிகிரி. முதல் இரண்டு மூன்று சுற்று வெண்ணெய் மாதிரி போகும், அப்புறம் இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் மரை மரையைக் கடித்துக்கொண்டு நிற்கும். இதில் பெட்ரோல் போகிறது, பக்கத்தில் டர்போ இருக்கிறது.

சிவப்பு_எஃப்டி:
டெஃப்லான் டேப் நான்கு சுற்று சுற்றியிருக்கிறேன். கசியவில்லை.

மரை_பார்ப்பவன்:
பெட்ரோல் லைனில் டெஃப்லான் டேப்பா? நுனியில் பிய்ந்த ஒரு நூல் உள்ளே போனால் நேராக இன்ஜெக்டரில்தான் போய் நிற்கும். பெட்ரோலைத் தாங்கும் திரவ சீலன்ட் இருக்கும்போது எதற்கு டேப்?

வைட்பேண்ட்_வாசகன்:
முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் டேப்பாலும் ஒன்றும் ஆகாது. நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

மரை_பார்ப்பவன்:
பத்து வருடமாகத் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரட்டை_ரோட்டார்:
மரை விஷயம் சரி, ஆனால் பேச்சை அங்கே இழுக்காதீர்கள். நான் கேட்பது வேறு. முழு பூஸ்டில் 40 என்று பார்த்தது யார்? அவர் கேஜ் பானட்டுக்குள் இருக்கிறது, கிளிசரின் ஊற்றிய சின்ன கேஜ். ஓட்டிக்கொண்டே பானட்டுக்குள் எப்படிப் பார்த்தார்?

சிவப்பு_எஃப்டி:
நீண்ட ஹோஸ் போட்டு கேஜை வெளியே எடுத்து, வைப்பருக்கு அடியில் வைத்து டேப் ஒட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பக்கத்து சீட்டில் நண்பன் வீடியோ எடுத்தான். நேற்றைய பதிவிலேயே வீடியோ இருக்கிறது, பார்க்காமலேயே பேசுகிறீர்கள். பெட்ரோல் லைனை காருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

இரட்டை_ரோட்டார்:
சோதனைக்கு அது சரிதான், அந்த அளவுக்குச் செய்ததற்குப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கிளிசரின் கேஜ் பானட்டுக்குள் எவ்வளவு நேரம் வெந்தது? சீல் போட்ட கேஜ் சூடானால் உள்ளே இருக்கும் திரவமும் காற்றும் விரியும், கூட்டுக்குள் அழுத்தம் ஏறும், முள் குறைத்துக் காட்டும். மேலே உள்ள சின்ன ரப்பர் மூடியைத் தூக்கி ஒரு மூச்சு விட்டால்தான் சரியாகும். காருக்குள் நிரந்தரமாக வேண்டுமென்றால் மின் சென்சார்தான் வழி, 0 முதல் 100 பிஎஸ்ஐ வரை, சிக்னல் 0.5 வோல்ட் முதல் 4.5 வோல்ட் வரை. உள்ளே ஒயர் மட்டும் வரும், பெட்ரோல் வராது. சென்சாரை ரெயிலில் நேராகத் தொங்கவிடவும் கூடாது. அது கனமான பித்தளை, அதிர்வில் ஃபிட்டிங்கின் கழுத்து நாளடைவில் விரிசல் விடும். ஒரு சாண் பின்னல் ஹோஸ் போட்டு பாடியில் கிளாம்ப் செய்ய வேண்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். வீடியோவை இப்போது பார்த்தேன். என் கேள்வி இன்னும் பலமாகிவிட்டது. ஐடிலிலேயே 40. ஐடிலில் இன்டேக்கில் வேக்குவம் இருக்கிறது, அது ரெகுலேட்டரை இழுக்க வேண்டும், முள் 30-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 40 நின்றால் அந்த ஹோஸில் வேக்குவமும் போகவில்லை, பூஸ்டும் போகவில்லை. கழன்றிருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது, அல்லது தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறது. எஃப்டி உற்பத்தி 2002-இல் நின்றுவிட்டது, கடைசி காரின் ரப்பருக்கே 20 வயது தாண்டிவிட்டது. அந்த இன்டேக்குக்கு அடியில் உள்ள வேக்குவம் ஹோஸ் கூட்டத்தைக் கையால் தொட்டாலே பொடியாக உதிர்கிறது.

சிவப்பு_எஃப்டி:
பிடித்துவிட்டேன். எஃப்டியில் ரெகுலேட்டருக்குப் போகும் வழியில் ஒரு சோலினாய்டு (மின்சார வால்வு) இருக்கிறது. சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது வேக்குவத்தை நிறுத்திவிடும், ரெயிலில் பெட்ரோல் ஆவியாகாமல் இருக்க. அதனால்தான் ஐடிலில் 40. இது தெரியாமல் ஒரு பாடமே எடுத்துவிட்டீர்கள்.

இரட்டை_ரோட்டார்:
தெரியும். அது ஸ்டார்ட் ஆன பிறகு கொஞ்ச நேரத்துக்குத்தான். உங்கள் வீடியோ ஆறு நிமிடம். ஆறாவது நிமிடத்திலும் 40.

சிவப்பு_எஃப்டி:
சோலினாய்டு ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்.

இரட்டை_ரோட்டார்:
அப்படி ஒன்றும் கிடையாது.

வைட்பேண்ட்_வாசகன்:
ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 40-லேயே நிற்கும்போது ட்யூன் செய்திருந்தால்? பெட்ரோல் குறைவதை இசியூவின் பெட்ரோல் அட்டவணையான மேப்பிலேயே கூட்டி ஈடுகட்டியிருப்பார்கள். கார் இரண்டு வருடமாக ஓடுகிறதே, அது ஆகாயத்திலா ஓடுகிறது?

இரட்டை_ரோட்டார்:
இருக்கலாம். ஆனால் அப்போது இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். பிரைமரி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 550 சிசி, செகண்டரி 850, இரண்டிரண்டு, அவ்வளவுதான் கையிருப்பு. குளிர்ந்த இரவில் காற்று அடர்த்தியாகி பூஸ்ட் இரண்டு பிஎஸ்ஐ கூடினால் திறப்பதற்கு நேரமே மிஞ்சாது. இன்னொன்று: யாராவது நல்ல எண்ணத்தில் அந்த ஹோஸைச் சரிசெய்தால் மறுநாளே மேப் முழுக்கத் தப்பாகிவிடும்.

வைட்பேண்ட்_வாசகன்:
ஆக, 40-லேயே விட்டால் பாதுகாப்பு என்கிறீர்கள்.

இரட்டை_ரோட்டார்:
நான் சொன்னதை ஒரு வரியாவது முழுதாகப் படித்தீர்களா?

பழைய_எஃப்சி:
கேஜ் மாட்டப் போகும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் யாரும் சண்டை போட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பிரைமரி ரெயிலில் உள்ள பல்சேஷன் டேம்பரைப் பாருங்கள். வயதானால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழியும், மேலே உள்ள சின்னத் திருகின் ஓரமாகப் பெட்ரோல் கசியும். விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்தக் கார்களில் பல தீ விபத்துகள் அங்கேதான் ஆரம்பித்தன. கேஜுக்காக அந்தப் பக்கம் கையை விடும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.

வைட்பேண்ட்_வாசகன்:
டேம்பரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பான்ஜோ போல்ட் (நடுவில் துளையுள்ள போல்ட்) போட்டுவிடலாமே.

பழைய_எஃப்சி:
போடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. இன்ஜெக்டரின் துடிப்பை வாங்கிக்கொள்ளத்தான் அதை வைத்தார்கள், எடுத்த பிறகு சிலருக்கு முள் நடுங்குகிறது.

இரட்டை_ரோட்டார்:
முள் நடுங்கினாலும் பரவாயில்லை, ஏறினால் போதும். சிவப்பு_எஃப்டி, ஒரே ஒரு சோதனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், டயக்னோஸ்டிக் பெட்டியில் எஃப்பி (ஃபியூயல் பம்ப்) முனையைக் கிரவுண்டோடு இணைத்துப் பம்பை ஓட விடுங்கள். ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றி, கைப்பம்பால் 10 பிஎஸ்ஐ கொடுங்கள். முள் 50-க்குப் போனால் ரெகுலேட்டர் நல்லது, ஹோஸ்தான் கெட்டது. போகாவிட்டால் ரெகுலேட்டரே போய்விட்டது. பத்து நிமிட வேலை.

சிவப்பு_எஃப்டி:
நன்றாக ஓடுகிற காரில் எதற்குக் கழற்ற வேண்டும்? ஆயில் லைனுக்கும் இதே மாதிரி "ஒரே ஒரு சோதனை" சொன்னீர்கள், கழற்றிப் போட்டதில் ஒரு கேஸ்கெட் வீணானது. இனி உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு நட்டையும் தொடமாட்டேன்.

இரட்டை_ரோட்டார்:
ஐடிலில் 40.

சிவப்பு_எஃப்டி:
ஆமாம், 40. பூஸ்டிலும் 40. வீடியோ இருக்கிறது.

மரை_பார்ப்பவன்:
அந்த வீடியோவை நானும் பார்த்தேன். நான்காவது நிமிடத்தில், பானட்டைத் திறந்து காட்டும்போது, ஃபிட்டிங்குக்குக் கீழே அலுமினியம் ஒரு வளையமாகக் கறுத்து ஈரமாகத் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியவில்லையா?