பச்சை மரம் செதுக்கப் போன இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள்? பால்புதுமையர் அனுபவங்கள்

கொய்யாக்கட்டை:
ஷேவிங் ஹார்ஸ் (ஏறி உட்கார்ந்து, கால் மிதியால் கட்டையை இறுக்கிப் பிடித்துச் செதுக்கும் பலகை) என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுகள், பீச் மரக்காடு, குயர் ஆட்களுக்கு மட்டுமான, மரக்கரண்டி செதுக்கும் முகாம். ஹை விகம்ப் நாற்காலிப் பட்டறைகளுக்காக, அந்தக் காலத்து பாட்ஜர்கள் காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு, காயாத பச்சை பீச் மரத்தில் நாற்காலிக் கால் கடைந்து அனுப்பிய பகுதி. எல்லாரும் ஹார்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன், கட்டையை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இறுக்கினேன், குழி உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

சொல்லித்தரும் அம்மா (அறுபதைத் தாண்டியவர், மனைவியோடு வந்திருந்தார்) கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி பிடித்துப் பார்த்தார். ஈரக்கட்டை வழுக்கி ஓடியது. "யார் கற்றுக்கொடுத்தது?" என்றார்.

என் தாத்தா ஆசாரி. ஆனால் அன்றைக்கு நான் அந்த வீட்டில் பேத்தி. "பொட்டப்புள்ளைக்குப் பட்டறையில என்ன வேலை?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கற்றுக்கொடுத்தது என்று அதைச் சொல்லலாமா? அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை. அவர் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த ஈரச் சீவல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

உண்ணிப்பூ:
எனக்கு நீலகிரிக் கூடலூர். உண்ணிக்குச்சியில் (லண்டானா செடியின் தண்டு) யானை செய்யும் பட்டறை. அங்கே செய்யும் யானைகள் எல்லாம் அந்த வட்டாரத்தில் உலவும் நிஜ யானைகளின் சாயலில்தான் வரும், தெரியும்தானே. குச்சியைப் பெரிய தொட்டியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பட்டையை உரித்து வளைக்க வேண்டும்.

நான் திருநங்கை. புது இடத்துக்குப் போனால் முதலில் என்னை மேலும் கீழும் அளப்பார்கள், அது பழகிப்போனது. அங்கே பெட்டக்குறும்பர் பழங்குடி அக்கா ஒருவர் என் கையை மட்டும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நகம் இவ்ளோ நீளம் இருந்தா பட்டை உரியாது. வெட்டிட்டு வா." அவ்வளவுதான் பேச்சு. ஆசையாக வளர்த்த நகம், அங்கேயே வெட்டினேன்! காடு யாரையும் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வெட்பாலை:
உண்ணிப்பூ அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். காடு பிரிக்காது, சரி. காட்டுக்குப் போகும் வழியில் செக்போஸ்ட் இருக்கிறதே? உங்களை அளக்காமல் விட்டது அந்த அக்கா, காடு இல்லை. அந்தப் பெருமையைத் தூக்கி மரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஜவ்வாது மலை, நானும் என் காதலனும். சந்தன மரம் உள்ள ஊர், பையில் சின்னக் கோடரி இருந்தாலே சந்தேகம்தான். நண்பர் தோட்டத்தில் வெட்டிய வெட்பாலையில் பாதி செதுக்கிய கரண்டி ஒன்று இருந்தது. வனத்துறை வாட்சர் அதை மூக்கருகே வைத்து நன்றாக மோந்து பார்த்தார். சந்தனம் இல்லை என்றதும் கேள்வி மாறிவிட்டது. "ரெண்டு பேரும் யாரு? ஒரே டென்ட்டா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "அண்ணன் சார்." தயங்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

உளிமுனை:
சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கொய்யாக்கட்டை தம்பி, காலால் பிடிப்பது உளிக்குச் சரி, கோடரி எடுக்கும்போது தயவுசெய்து வேண்டாம். வெட்பாலை, அது தோட்டத்து மரமாக இருந்ததால் தப்பித்தீர்கள். ரிசர்வ் காட்டில் கீழே கிடக்கும் சுள்ளிகூட 1882 வனச் சட்டப்படி வனப்பொருள்தான், அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. மாந்தோப்பில் கவாத்து செய்யும்போது கேட்டு வாங்குங்கள். உருட்டுக் கட்டையை அப்படியே செதுக்காதீர்கள், நடுச்சோறு (கட்டையின் நட்ட நடுவில் இருக்கும் மென்பகுதி) வழியாகப் பிளந்து அதை நீக்கிவிடுங்கள். மரம் காயும்போது ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சுருங்குவதைவிட வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், வெடிப்பு அதனால்தான். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு முடியாவிட்டால் கட்டையைத் தண்ணீர் வாளியில் போட்டு வையுங்கள். முடித்த கரண்டியை அதன் சீவலோடு சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மெதுவாகக் காயும். தேங்காய் எண்ணெய் காய்ந்து கெட்டிப்படாது, ஆளிவிதை எண்ணெய் படும். அரளிக் கட்டையைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், விஷம்.

என் அனுபவம்: கிருஷ்ணகிரியில் ஒரு தோப்புக்காரப் பெரியவர் மாங்கிளை கொடுத்தார். கல்யாணம் ஆச்சா என்றார். இல்லை என்றேன்.

பூவரசி:
உளிமுனை அண்ணா, யாராவது வெடிப்பைப் பற்றிக் கேட்டார்களா? அந்தப் பெரியவர் அப்புறம் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள் முதலில்.

என்னுடையது காடே இல்லை, சென்னை. 2016 டிசம்பர், வர்தா புயலுக்கு மறுநாள். எங்கள் தெருவில் பூவரசு ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. மரம் அறுக்க வந்தவரிடம் ஒரு துண்டு கேட்டேன். "எதுக்கும்மா?" "கரண்டி செய்ய." "வீட்டுக்காரருக்கு சமைச்சுப் போடவா?" எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, "வீட்டுக்காரிக்கு" என்றேன். ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார். "அப்போ ரெண்டா எடுத்துக்க" என்று இன்னொரு துண்டும் அறுத்துப் போட்டார். புரிந்து சொன்னாரா, கிண்டலா, இல்லை ரம்பச் சத்தத்தில் காதில் சரியாக விழவே இல்லையா? இவளும் நானும் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறோம்.

வெட்பாலை:
புரிந்துதான் சொல்லியிருப்பார்.

உளிமுனை:
வெளிறை (வெளிப்பக்க மரம்) நீக்கிவிட்டு வைரத்தில்தானே (உள்மரம்) செதுக்கினீர்கள்? பூவரசில் வெளிறு சீக்கிரம் உளுத்துப்போகும். பெரியவர் கதையை அப்புறம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.