படபடப்பு ஓடும்போதே ஈ.சி.ஜி. கிடைக்க எனக்கு ஏழு வருடம் ஆனது

சைதாப்பேட்டை, வயது 41

முதல் தடவை வந்தது 2016-ல், ரங்கநாதன் தெருவில், தீபாவளிக் கூட்டத்தில். கீழே விழுந்த பையைக் குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குள் நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. பயந்தால் படிப்படியாக ஏறுமே, அப்படி இல்லை. டக்கென்று ஆரம்பித்து, இருபது நிமிடம் ஓடி, டக்கென்று நின்றது. நின்ற பிறகு அரை மணிக்குள் மூன்று தடவை சிறுநீர் கழிக்கப் போனேன். (இதுவும் இந்த நோயின் அடையாளம்தானாம். அன்றைக்கு அவமானமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.)

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும். கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றிருக்கும், ஈ.சி.ஜி. நார்மலாக வரும். "வீட்டில் ஏதாவது பிரச்சனையா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் பதட்டம் என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்தார். இருபத்துநாலு மணி நேரம் ஹோல்டர் (உடம்பிலேயே மாட்டிக்கொண்டு நடமாடும் சின்ன ஈ.சி.ஜி. கருவி) மாட்டிப் பார்த்தார்கள், அன்றைக்கு மட்டும் அது லீவு போட்டுவிட்டது. கடைசியில் எனக்கே நான்தான் கற்பனை செய்கிறேனோ என்று தோன்றிவிட்டது.

கண்டுபிடித்தது என் மகள். 2023-ல் ஒரு நாள் காலை, தோசைக் கல் முன்னால் நின்றிருந்தேன். "அம்மா, உன் தாலிச் செயின் குதிக்குதும்மா" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து இரண்டு பக்கமும் துடித்தது, செயின் தாளம் போட்டது. அவள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள். ஆட்டோ பிடித்துப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம். வாசலிலேயே, "பேரெல்லாம் அப்புறம், முதல்ல ஈ.சி.ஜி. எடுங்க" என்று கத்தினாள் பாருங்கள்!

காகிதத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 188 என்று வந்தது. டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் பார்த்த உடனே "எஸ்.வி.டி." என்றார், இதயத்தின் மின்சார ஓட்டத்தில் வரும் கோளாறால் திடீரென்று வேகமாகத் துடிப்பது. 10 மில்லி சிரிஞ்சைக் கையில் கொடுத்து, பிஸ்டன் லேசாக நகரும்படி பதினைந்து நொடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். பலருக்கு இதிலேயே நின்றுவிடுமாம். எனக்கு நிற்கவில்லை. துடிப்பைச் சட்டென்று நிறுத்தும் அடினோசின் ஊசி 6 மில்லிகிராம் போடும் முன் "சில நொடி ரொம்ப மோசமா இருக்கும், உடனே போயிடும்" என்று சொன்னார். சொன்னது நல்லதாயிற்று. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, உயிர் போகிறது என்றே நினைத்தேன். பிறகு மானிட்டரில் 84.

இதயத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரம் கடக்கும் இடத்தில் எனக்கு ஒன்றுக்கு இரண்டு பாதையாம். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் ரத்தம் கழுத்துப் பக்கம் தள்ளப்படுகிறது. செயின் குதித்தது அதனால்தான். இந்த வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்றார்கள். அதைக் கேட்டபோது ஆத்திரம்தான் வந்தது. பெண்களுக்கு அதிகம் வருவதைப் பெண் சொன்னால் பதட்டம் என்கிறார்களே!

கொளத்தூர், பதில்

நான் ஈ.சி.ஜி. டெக்னீஷியன், பதினோரு வருட வேலை. ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மேலாடையைத் தளர்த்த வேண்டும், லீடை (ஈ.சி.ஜி. ஒயரின் முனையை) மார்புக்குக் கீழே சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஆண் டெக்னீஷியன் நின்றால் பல அக்காக்கள் "அப்புறம் வர்றேன்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த அப்புறத்துக்குள் படபடப்பு நின்றுவிடும். பெண் ஊழியர் வேண்டும், ஸ்கிரீன் போடுங்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். இன்னொன்று, அந்தக் காகிதம் வெயில் பட்டால் மங்கிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போட்டோவும் எடுங்கள்.

பெரம்பூர், பதில்

என் அம்மாவுடையது வேறு கதை. வயது 63. படபடப்பு சீராக இல்லாமல் தாறுமாறாக அடிக்கும், வீட்டு பி.பி. மெஷின் எர்ரர் காட்டும். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் வால்வு சுருங்கியிருந்தது, அதன் தொடர்ச்சி. இதில் படபடப்பைவிட, இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போவதுதான் பயம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார், அளவு சரியா என்று ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்க்கிறோம். கீரையே கூடாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தட்டு நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாதீர்கள் என்றுதான் டாக்டர் சொன்னார்.

வேளச்சேரி, பதில்

எனக்கு ஆறாம் மாதத்தில் வந்தது. மாசமாக இருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று மாமியாரும் சொன்னார், ஓ.பி.யிலும் சொன்னார்கள். எனக்கும் அடினோசின்தான் போட்டார்கள். பையன் இப்போது யு.கே.ஜி. அப்லேஷன் (படபடப்பைக் கிளப்பும் பாதையைச் சூடு வைத்து அடைப்பது) வலிக்குமா அக்கா, நீங்கள் செய்துகொண்டீர்களா? அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சைதாப்பேட்டை

வலி என்று சொல்ல முடியாது. தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியாக ஒயரை மேலே அனுப்புகிறார்கள். எனக்கு முழு மயக்கம் இல்லை. கேத் லேபில் (இதைச் செய்யும் அறையில்) குளிர்தான் தாங்கவில்லை, இரண்டு போர்வை கேளுங்கள். ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே படபடப்பைக் கிளப்புவார்கள். "இதுதானா உங்களுக்கு வர்றது?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதேதான் சார் என்றேன். ஏழு வருடமாக நான் சொன்னதை அத்தனை பேரும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த இரண்டு பாதைகளில் மெதுவானதைச் சூடு வைத்து அடைத்தார்கள். நூற்றில் ஒருவருக்கு பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி) தேவைப்படலாம் என்று முன்னாலேயே கையெழுத்து வாங்குவார்கள், அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்காதீர்கள், நான் இருந்தேன். முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்கக் கூடாது. அதுதான் கஷ்டம். யாராவது பக்கத்தில் இருக்கட்டும், பெட்பேனுக்கு ஆள் தேவைப்படும்.