நாளைக்கு யார் ஏறுவது? க்வெரி ஒருவரும் இல்லை என்கிறது

பணகுடி_காத்தாடி:
காற்றாலைப் பராமரிப்பு எங்கள் வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மே மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்த நேரத்தில் ஒரு காற்றாலை நின்றால் நாளுக்கு நாள் நட்டம். நேற்று ராதாபுரம் பக்கம் கியர்பாக்ஸ் வேலைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. புதுத் தரவுத்தளத்தில் ‘நாளைக்கு வேறு வேலையில் இல்லாதவர் யார்’ என்று க்வெரி, அதாவது கேள்வி, எழுதிக் கேட்டேன். ஒரு பெயர்கூட வரவில்லை. மொத்தம் 23 பேர். அதில் எட்டுப் பேர் என் கண்ணெதிரே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! பழைய நோட்டே போதும் சாமி.

பாளை_பையன்:
அண்ணாச்சி, ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்’ என்று கேட்கும் ‘நாட் இன்’ போட்டிருப்பீர்கள். நாளைய ஒதுக்கீட்டில் ஆள் முடிவாகாத வேலை ஏதாவது உண்டா? அந்த வரிசையில் பணியாளர் எண் காலியாக, அதாவது ‘நல்’லாக இருக்கும். அந்த ஒன்று போதும். 17-ஆம் எண்காரர் பட்டியலில் இல்லையா என்று பார்க்கும்போது, காலி இடம் 17-ஆகவும் இருக்கலாமே என்று எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி) ‘தெரியாது’ என்றுவிடும். ‘தெரியாது’ என்றால் ஆள் தேறமாட்டார். வேலையில் இருப்பவர் எப்படியும் வரமாட்டார், மற்றவர்களுக்கெல்லாம் அதே கதிதான். ‘இவர் எண்ணில் ஒரு வரிசையும் இல்லையா’ என்று பார்க்கும் ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ என்று மாற்றிப் பாருங்கள்.

பணகுடி_காத்தாடி:
கயத்தாறு வேலைக்கு ஆள் சொல்லாமல் வைத்திருந்தேன், உண்மைதான். மாற்றினேன், 11 பேர் வந்தார்கள். ஆனால் அதில் ஏறவே தெரியாதவரும் இருக்கிறாரே!

பாளை_பையன்:
நீங்கள் கேட்டதைத்தானே அது தரும்? உயர வேலைச் சான்று, மின்வேலை அனுமதி இரண்டும் கேளுங்கள். அதற்கு ‘இன்’ மட்டும் போட்டால் ஒன்று இருப்பவரும் வந்துவிடுவார். ஆள்வாரியாகச் சேர்க்க ‘குரூப் பை’ செய்து, அந்தத் தொகுப்புக்கு நிபந்தனை போடும் ‘ஹேவிங்’கில் சான்றுகளின் எண்ணிக்கை 2 என்று வையுங்கள்.

பணகுடி_காத்தாடி:
சரி, நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் போன வாரம் தோள் வலியால் ஏணியில் பாதியிலேயே இறங்கியவர். இது என் நோட்டில்கூட இல்லை, தலையில்தான் இருக்கிறது. இதை எந்தக் க்வெரியில் கேட்பது?

கயிறு_கட்டி:
நான் ஏறுகிற ஆள். நோட்டு, தலை என்று பெருமை பேச வேண்டாம் அண்ணாச்சி. நான் முன்பு இருந்த இடத்தில் ஏறும் படி, அதாவது ஏறுவதற்கான கூடுதல் பணம், கிடைக்கிற வேலையெல்லாம் சூப்பர்வைசரின் ஊர்க்காரர்களுக்கே போகும். ஏன் என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்காது. தரவுத்தளத்தில் யார் எத்தனை முறை ஏறினார் என்றாவது எண்ணலாம்.

பணகுடி_காத்தாடி:
தோள் வலியை எழுதினால் அவருக்கு ஏறும் படி போய்விடும். எழுதாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டார்.

கயிறு_கட்டி:
80 மீட்டர் உயரத்தில் என்னோடு அவரையே அனுப்பினால்? எழுதுங்கள்.

பணகுடி_காத்தாடி:
எழுதுகிறேன். ஆனால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ‘தோள்’ என்று வராது. ‘30 நாள் ஏறக்கூடாது’, அவ்வளவுதான். படி விஷயத்தை முதலாளியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.